நான் கேட்காத கோப்பை ஆர்டுயினோ ஏன் கேட்கிறது? டிஎச்டி22 லைப்ரரிப் பிழை

பலகாரக்கட்டு (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சி காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கிறார். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை எல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள ஓர் அறையில் தகர டின்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால், டின்னைத் திறந்து மூடுகிற நேரத்திற்குள்ளாகவே பலகாரம் நமுக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த அறையின் ஈரப்பதத்தைத் திரையில் காட்டி, அளவு மீறினால் ஒலி எழுப்பும் சிறு கருவி ஒன்றைச் செய்து கொடுக்கலாம் என்று ஆர்டுயினோ யூனோ போர்டு (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), ஈரப்பதம் அளக்கும் டிஎச்டி22 உணரி, ஐ2சி இணைப்புள்ள 16க்கு 2 எல்சிடி திரை ஆகியவற்றை வாங்கினேன். நான் பி.காம். படித்தவன், நிரல் எழுதுவது எனக்குப் புதிது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தம்முடைய நிரலையும், எல்சிடி லைப்ரரியின் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளப் பிறர் எழுதி வைத்த நிரல் கோப்புகள்) ஜிப் கோப்பையும் அனுப்பி வைத்தார். அவருடைய விண்டோஸ் கணினியில் அது தடையின்றி ஓடுகிறது. என்னுடைய உபுண்டு லினக்ஸ் மடிக்கணினியில் ஓடவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிழைச் செய்திகளை ஒலிபெயர்த்தே எழுதுகிறேன்.

முதலில் "டிஎச்டி.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வந்தது. இணையத்தில் தேடி, அடாஃப்ரூட் நிறுவனம் வெளியிட்ட டிஎச்டி லைப்ரரியை ஜிப்பாக இறக்கி, விரித்து, லைப்ரரீஸ் கோப்புறைக்குள் போட்டேன். அதே பிழை வந்தது. நண்பரின் நிரலில் கோப்பின் பெயர் சின்ன எழுத்துகளில் இருந்தது. நான் இறக்கிய கோப்பின் பெயரோ பெரிய எழுத்துகளில் இருந்தது. எனவே நிரலில் அதைப் பெரிய எழுத்தாக மாற்றினேன். அப்போதும் அதே பிழை. பிறகு பார்த்தால் கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை இருந்தது. உள்ளே இருந்ததை வெளியே எடுத்து வைத்தேன். அந்தப் பிழை போய், இப்போது இது வந்து நிற்கிறது:

"டிஎச்டி_யூ.எச்:36:10: ஃபேட்டல் எரர்: அடாஃப்ரூட்_சென்சர்.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

என் நிரலில் அடாஃப்ரூட்_சென்சர் என்ற பெயரே எங்கும் இல்லை. நான் கேட்காத கோப்பு இல்லையென்று எதற்காகச் சொல்கிறது? ஐடிஇயை (ஆர்டுயினோ நிரல் எழுதும் மென்பொருளை) இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஒரு மாற்றமும் இல்லை. போர்டில் பழுது இருக்குமா?

சாலிடர்வாசம் (பள்ளத்தூர்)

வணக்கம். போர்டில் பழுது இருக்க வழியே இல்லை. யூனோவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிரலைத் தொகுத்தாலும் (கம்பைல் செய்தாலும்) இதே செய்திதான் வரும், ஏனென்றால் இது நிரலைப் போர்டுக்கு ஏற்றுவதற்கு முன்னால், உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே நடக்கிற வேலை. ஆகவே ஒயரை அசைத்துப் பார்ப்பது, யூஎஸ்பி துளையை மாற்றிப் பார்ப்பது போன்ற வேலைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எந்தக் கோப்பு இல்லை என்று பிழை சொல்கிறதோ அதன் பெயரை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்டது யார் என்பதைப் பார்ப்பதில்லை. நீங்கள் கொடுத்த வரியின் தொடக்கத்தைப் பாருங்கள்: டிஎச்டி_யூ.எச், 36ஆம் வரி. கேட்டது உங்கள் நிரல் அன்று, நீங்கள் இறக்கிய லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு கோப்பு. அந்த வரிக்கு மேலே "இன் ஃபைல் இன்க்ளூடட் ஃப்ரம்" என்று ஒரு வரி இருந்திருக்கும், அதில் டிஎச்டி_யூ.சிபிபி என்ற பெயர் வந்திருக்கும். ஒரு லைப்ரரியைச் சேர்த்துவிட்டால், அதற்குள் இருக்கும் எல்லா மூலக் கோப்புகளையும், நீங்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், ஆர்டுயினோ தொகுக்கத்தான் செய்யும். டிஎச்டி_யூ என்பது அந்த நிறுவனத்தின் எல்லா உணரிகளுக்கும் பொதுவான முறையில் அளவு எடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பகுதி. அதற்கு அடாஃப்ரூட் யூனிஃபைடு சென்சர் என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும். கடையில் நீங்கள் தேன்குழல் மட்டும்தான் கேட்டீர்கள், ஆனால் உளுந்து மாவு எங்கே என்று அடுக்களை கேட்கிறது, அவ்வளவுதான்.

ஐடிஇயில் உள்ள லைப்ரரி மேலாளர் வழியாக நிறுவியிருந்தால் இது நேர்ந்திருக்காது. "டிஎச்டி சென்சர் லைப்ரரி" என்று தேடி இன்ஸ்டால் பொத்தானை அழுத்தும்போது, இதற்கு இன்னொன்றும் தேவை, அதையும் சேர்த்து நிறுவலாமா என்று ஒரு சிறு சாளரம் கேட்கும். அதில் எல்லாவற்றையும் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிப்பைக் கையால் விரித்துப் போட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது. எனவே இப்போது கையால் போட்டதை லைப்ரரீஸ் கோப்புறையிலிருந்து நீக்கிவிட்டு, மேலாளர் வழியாகவே புதிதாக நிறுவுங்கள்.

கோப்புறைக்குள் கோப்புறை என்ற சங்கதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், நல்லது. கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கி விரிக்கும்போது பலருக்கு இது நேர்கிறது. லைப்ரரீஸ் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையையும் ஐடிஇ திறந்து, அதன் முதல் மட்டத்தில், அல்லது எஸ்ஆர்சி என்ற உட்கோப்புறையில், தலைப்புக் கோப்பு (.எச் என்று முடியும் கோப்பு) இருக்கிறதா என்று பார்க்கும். நம் ஊர் வீட்டுக்கு வந்தவர் முகப்பை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, வளவுக்குள் நுழையாமல், வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பிப் போவது போலத்தான். பழைய 1.8 வரிசை ஐடிஇயாக இருந்தால் "இன்வேலிட் லைப்ரரி ஃபவுண்ட்" என்று ஓர் எச்சரிக்கையும் காட்டியிருக்கும்; சிவப்பு எழுத்துகளின் கூட்டத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

ஐடிஇயை மறுபடி நிறுவியதால் மாற்றம் ஏற்படாததற்கும் காரணம் உண்டு. நீங்கள் சேர்க்கும் லைப்ரரிகள் ஐடிஇ இருக்கும் இடத்தில் இல்லை. உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள ஆர்டுயினோ கோப்புறைக்குள் இருக்கின்றன. விண்டோஸில் என்றால் டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள். ஐடிஇயை நீங்கள் பத்து முறை அழித்தாலும் அது அப்படியே இருக்கும், அதிலுள்ள கோளாறும் அப்படியே இருக்கும்.

அடுத்து வரப்போகும் பிழையை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பரின் நிரலில் இருந்த சின்ன எழுத்து டிஎச்டி.எச், நீங்கள் நினைத்ததுபோல் எழுத்துப் பிழை அன்று. அது டிஎச்டிலிப் என்ற வேறொரு லைப்ரரியின் தலைப்புக் கோப்பு. பெரிய எழுத்து டிஎச்டி.எச் அடாஃப்ரூட்டினுடையது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாததால் நம் கண் இதில் தங்குவதில்லை. லினக்ஸுக்கோ இரண்டும் வேறு வேறு பெயர்கள். நீங்கள் பெயரை மாற்றிய அந்த நொடியில் ஒரு லைப்ரரியிலிருந்து இன்னொரு லைப்ரரிக்குத் தாவிவிட்டீர்கள், ஆனால் நிரலின் மற்ற வரிகள் பழைய லைப்ரரியின் மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கின்றன. எனவே யூனிஃபைடு சென்சரை நிறுவியதும் "டிஎச்டி டஸ் நாட் நேம் எ டைப்" என்று வரும்.

அப்போது உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. நண்பரின் நிரலைத் தொடாமல் விட்டு, டிஎச்டிலிப்பை நிறுவி, பெயரை மறுபடி சின்ன எழுத்தாக்கலாம். அல்லது அடாஃப்ரூட்டையே வைத்துக்கொண்டு நிரலைத் திருத்தலாம்: உணரியை அறிவிக்கும் வரியில் எந்தப் பின், எந்த வகை உணரி என்ற இரண்டையும் கொடுக்க வேண்டும், செட்டப் பகுதியில் பிகின் என்ற வரியைச் சேர்க்க வேண்டும், ரீட்22 என்று இருக்கும் இடத்தில் ரீட்ஹியூமிடிட்டி என்று எழுத வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அடாஃப்ரூட் லைப்ரரியோடு டிஎச்டிடெஸ்டர் என்ற மாதிரி நிரல் வருகிறது. உங்கள் நிரலைத் திறப்பதற்கு முன்னால், ஃபைல் பட்டியில் எக்சாம்பிள்ஸ் வழியாக அதைத் திறந்து தொகுத்துப் பாருங்கள். மாதிரி நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டால் லைப்ரரி சரியாக இருக்கிறது, கோளாறு நம் நிரலில். அதுவே தொகுக்கப்படாவிட்டால் நம் நிரலை நோண்டிப் பயனில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் இழந்திருக்கிறேன்.

இனிமேல் பிழையை இங்கே இடும்போது, கீழே இருக்கும் "எக்சிட் ஸ்டேட்டஸ் 1" என்ற வரியை விட்டுவிட்டு, மேலே முதலாவதாக வரும் பிழையிலிருந்து இடுங்கள். கீழே இருப்பது, வேலை நடக்கவில்லை என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாத வரி.

கரும்பலகை (தேவகோட்டை)

தம்பிக்கு வணக்கம். நான் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர். மேலே நண்பர் சொன்னவை சரியானவையே. இருந்தாலும் எங்கள் ஆய்வகக் கணினிகளில் பல நாள்கள் இணையம் இருப்பதில்லை என்பதால், நாங்கள் எளிமையான ஒரு வழியைக் கையாள்கிறோம். லைப்ரரியின் எச் கோப்பை ஸ்கெட்ச் (அதாவது நாம் எழுதும் நிரல்) இருக்கும் கோப்புறைக்குள்ளேயே நகலெடுத்து வைத்துவிட்டு, இன்க்ளூட் வரியில் கோண அடைப்புக்குப் பதிலாக இரட்டை மேற்கோள் குறி இடுகிறோம். மேற்கோள் குறி இட்டால் தொகுப்பி முதலில் அந்த ஸ்கெட்ச்சின் கோப்புறையில் தேடிவிட்டுத்தான் வெளியே போகும். கோண அடைப்பு இட்டால் லைப்ரரிப் பாதைகளில் மட்டுமே தேடும். மாணவர்கள் பென் டிரைவில் ஒரே கோப்புறையாக எடுத்துச் சென்று எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

சாலிடர்வாசம் (பள்ளத்தூர்)

ஐயா சொல்லும் வழியில் நியாயம் இருக்கிறது; செய்து முடித்த கருவியை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, பின்னாளில் லைப்ரரியின் புதிய பதிப்பு வந்து நிரலைக் குலைத்துவிடாமல் இருக்க நானும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் எச் கோப்போடு நிறுத்திவிடக் கூடாது. எச் கோப்பில் இருப்பது அறிவிப்பு மட்டுமே, செயல் முழுவதும் சிபிபி கோப்பில் இருக்கிறது. அதை நகலெடுக்காமல் விட்டால் "நோ சச் ஃபைல்" மறைந்து, கடைசிக் கட்டத்தில் "அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்" என்ற, புதியவருக்கு இன்னும் குழப்பமான பிழை தலைகாட்டும். மேலும் அந்தக் கோப்புகள் ஸ்கெட்ச் கோப்புறையின் முதல் மட்டத்தில், அல்லது அதற்குள் எஸ்ஆர்சி என்ற பெயருள்ள கோப்புறையில், இருந்தால்தான் தொகுக்கப்படும். டிஎச்டி போல வேறொரு லைப்ரரியைச் சார்ந்திருக்கும் லைப்ரரி என்றால், அந்த இன்னொன்றையும் கூடவே இழுத்துவர வேண்டும். ஆகவே பலகாரக்கட்டு நண்பர் இப்போதைக்கு இதற்குள் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மேற்கோள் குறியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நிரலை வேர்டு ஆவணத்தில் வைத்திருந்து ஒட்டினால், நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். பார்வைக்கு அழகாக இருக்கும். தொகுப்பிக்கோ அது மேற்கோளே இல்லை. "இன்க்ளூட் எக்ஸ்பெக்ட்ஸ் ஃபைல்நேம்" என்றோ, நிரலின் வேறு இடங்களில் "ஸ்ட்ரே 342" என்றோ பிழை வந்தால், அந்தக் குறிகளை அழித்துவிட்டு ஐடிஇக்குள்ளேயே மறுபடி தட்டச்சு செய்யுங்கள். சில வலைப்பக்கங்கள் கோண அடைப்பையும் அதற்குள் இருக்கும் பெயரையும் சேர்த்தே விழுங்கிவிட்டு, வெறும் இன்க்ளூட் என்ற சொல்லை மட்டும் காட்டும். அதை அப்படியே ஒட்டினாலும் "இன்க்ளூட் எக்ஸ்பெக்ட்ஸ் ஃபைல்நேம்" பிழைதான் வரும்.

கரும்பலகை (தேவகோட்டை)

சிபிபி கோப்பையும் சேர்த்துத்தான் நகலெடுக்கிறோம், எழுதும்போது விட்டுவிட்டேன். ஸ்ட்ரே 342 என்பதைக் கண்டு என் மாணவர்கள் 342ஆம் வரியைத் தேடியது நினைவுக்கு வருகிறது. நிரலில் மொத்தமே நாற்பது வரிகள்தான் இருந்தன.

பலகாரக்கட்டு (காரைக்குடி)

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே கையால் போட்டதை நீக்கிவிட்டு, மேலாளர் வழியாக இரண்டையும் நிறுவினேன். டிஎச்டிடெஸ்டர் முதல் முயற்சியிலேயே தொகுக்கப்பட்டது. போர்டில் ஏற்றியதும் சீரியல் மானிட்டரில் ஈரப்பதமும் வெப்பமும் ஓடத் தொடங்கின. அதன் பிறகு நண்பரின் நிரலைத் தொகுத்தேன். நீங்கள் முன்கூட்டியே சொன்ன "டஸ் நாட் நேம் எ டைப்" அப்படியே வந்தது. அதைப் பார்த்து நான் மகிழ்ச்சி அடைந்தது ஆச்சிக்கு விளங்கவில்லை. அறிவிப்பு வரி, பிகின், ரீட்ஹியூமிடிட்டி ஆகிய மூன்றையும் திருத்தினேன்.

இப்போது புதிதாக ஒன்று. "ஆர்டுயினோ.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது. கேட்டது யார் என்று நானே பார்த்தேன்: நண்பர் அனுப்பிய எல்சிடி லைப்ரரியின் சிபிபி கோப்பு கேட்டிருக்கிறது. ஆனால் ஆர்டுயினோவுக்குள் இருந்துகொண்டு ஆர்டுயினோ.எச்சே இல்லை என்றால் என்ன பொருள்? இந்த இடத்திலாவது மறுபடி நிறுவ வேண்டுமா?

சாலிடர்வாசம் (பள்ளத்தூர்)

வேண்டாம். அந்தச் சிபிபி கோப்பைத் திறந்து இன்க்ளூட் வரியைப் பாருங்கள். ஆர்டுயினோ என்பதன் முதல் எழுத்து சின்ன எழுத்தாக இருக்கும். உண்மையான கோப்பின் பெயரில் அது பெரிய எழுத்து. லைப்ரரியை எழுதியவர் விண்டோஸில் எழுதியிருப்பார். விண்டோஸின் கோப்பு முறைமை இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை என்பதால், போர்டின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் பாதையில் அந்தக் கோப்பு அவருக்குக் கிடைத்துவிடும். அதனால்தான் உங்கள் நண்பரின் கணினியிலும் ஓடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை, உங்கள் மடிக்கணினியும் பொய் சொல்லவில்லை.

எழுத்துகளின் இந்த விளையாட்டு விண்டோஸ்காரர்களையும் விட்டதில்லை. நேரம், தேதி கணக்கிடும் டைம் என்ற ஆர்டுயினோ லைப்ரரியின் தலைப்புக் கோப்பு முதலில் பெரிய டி எழுத்தோடு டைம்.எச் என்றிருந்தது. சி மொழியிலேயே சின்ன எழுத்தில் டைம்.எச் என்று ஒன்று உண்டு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்து, ஒன்றைக் கேட்டால் மற்றொன்று கிடைத்தது. அதற்காகவே அதற்கு டைம்லிப்.எச் என்று புதுப் பெயர் வைக்க வேண்டி வந்தது. பழைய நிரல்களில் டைம்.எச் என்று பார்த்தால் டைம்லிப்.எச் என்று மாற்றிவிடலாம். இதைப் போலவே, டபிள்யூபுரோகிராம்.எச் என்ற கோப்பு இல்லை என்று பிழை வந்தால், அந்த லைப்ரரி 2011இல் வந்த ஆர்டுயினோ 1.0க்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது என்று பொருள்; அந்தப் பதிப்பில்தான் அது ஆர்டுயினோ.எச் ஆனது.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். அந்த ஓர் எழுத்தைத் திருத்தினாலே வேலை நடந்துவிடும். இருந்தாலும் நண்பரின் பழைய நகலை எடுத்துவிட்டு, மேலாளரில் கிடைக்கும் லிக்விட்கிரிஸ்டல் ஐ2சி லைப்ரரியை நிறுவுவது நல்லது. பழையதை லைப்ரரீஸ் கோப்புறைக்கு வெளியே, வேறெங்காவது வைத்துவிடுங்கள். பலர் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஓல்டு என்று சேர்த்துவிட்டு, அதே இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கோப்புறைக்கு நாம் என்ன பெயர் வைத்தாலும், உள்ளே இருக்கும் தலைப்புக் கோப்பை ஐடிஇ கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஒரே பெயரில் இரண்டு தலைப்புக் கோப்புகள் கிடைத்தால் "மல்டிபிள் லைப்ரரீஸ் வேர் ஃபவுண்ட்" என்று சொல்லி, யூஸ்டு என்ற வரியில் தான் எடுத்துக்கொண்டதன் பாதையையும், நாட் யூஸ்டு என்ற வரியில் விட்டுவிட்டதன் பாதையையும் காட்டும். நாம் திருத்திக்கொண்டிருப்பது ஒரு நகலாகவும், அது தொகுத்துக்கொண்டிருப்பது இன்னொரு நகலாகவும் இருந்தால் எத்தனை மணி நேரம் வீணாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

லிக்விட்கிரிஸ்டல்_ஐ2சி.எச் என்ற இதே பெயரில் வெவ்வேறு ஆட்கள் எழுதிய லைப்ரரிகள் பல இணையத்தில் உலவுகின்றன. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் கட்டளைகள் வேறு. நண்பரின் நிரலில் திரையைத் தொடங்கும் வரி, அடைப்புக்குறிக்குள் எதுவும் இல்லாத பிகின் ஆக இருந்தால், மேலாளரின் லைப்ரரியோடு "நோ மேட்சிங் ஃபங்ஷன்" என்று வரும். அந்த இடத்தில் இனிட் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பேக்லைட் என்று எழுதுங்கள். தலைப்புக் கோப்பு கிடைத்த பிறகு வருகிற பிழை என்பதால் இதை லைப்ரரி காணாமல் போன பிழையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோப்பு கிடைத்திருக்கிறது, அதனோடு பேசும் மொழிதான் மாறியிருக்கிறது.

ஒயர்.எச் என்பதற்கு எதையும் நிறுவத் தேவையில்லை, அது போர்டோடு சேர்ந்தே வருகிறது. அதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்கட்டும். எல்லாம் தொகுக்கப்பட்ட பிறகும் திரையில் எழுத்து வராமல் வெறும் ஒளி மட்டும் தெரிந்தால், ஐ2சி முகவரியை 0எக்ஸ்27, 0எக்ஸ்3எஃப் என்று மாற்றிப் பாருங்கள், பின்புறம் உள்ள நீலத் திருகையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

ஊருணிக்கரை (கானாடுகாத்தான்)

இந்த இழையிலேயே என் ஐயத்தையும் கேட்டுக்கொள்ளலாமா? ஊருணியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்ப்பதற்காக வைஃபை வசதியுள்ள நோட்எம்சியூ போர்டில் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். "இஎஸ்பி8266வைஃபை.எச்: நோ சச் ஃபைல்" என்று வருகிறது. லைப்ரரி மேலாளரில் அந்தப் பெயரிலேயே தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. கேட்டது யார் என்று பார்த்தால், என் நிரலேதான் கேட்கிறது.

கரும்பலகை (தேவகோட்டை)

அங்கே தேடினால் அகப்படாது. அது லைப்ரரி மேலாளரில் இருப்பதில்லை, போர்டு தொகுப்போடு சேர்ந்து வருவது. டூல்ஸ் பட்டியில் போர்டு என்ற இடத்தில் என்ன தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் யூனோ என்றே இருக்கும். நோட்எம்சியூவைத் தேர்ந்தெடுத்ததும் கோப்பு தானாகக் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலில் நோட்எம்சியூவே இல்லையென்றால், பிரிஃபரன்சஸ் பகுதியில் இஎஸ்பி8266 தொகுப்பின் இணைய முகவரியைக் கூடுதல் போர்டு முகவரியாகச் சேர்த்து, போர்டு மேலாளர் வழியாக அந்தத் தொகுப்பை நிறுவ வேண்டும். உங்களிடம் இருப்பது இஎஸ்பி32 என்றால் கோப்பின் பெயரே வேறு, வெறும் வைஃபை.எச் என்று எழுத வேண்டும். யூனோவுக்காக எழுதப்பட்ட சில லைப்ரரிகளை நோட்எம்சியூவில் தொகுக்கும்போது ஏவிஆர் (யூனோவில் உள்ள சில்லின் வகை) என்று தொடங்கும் பாதையில் ஒரு கோப்பு இல்லை என்று வருவதும் உண்டு. அதற்கு எந்தக் கோப்பையும் தேடி அலைய வேண்டாம். அந்த லைப்ரரி உங்கள் சில்லுக்காக எழுதப்படவில்லை, வேறு லைப்ரரியைத்தான் பார்க்க வேண்டும்.

ஊருணிக்கரை (கானாடுகாத்தான்)

யூனோ என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன், தொகுக்கப்பட்டுவிட்டது. நன்றி ஐயா.

பலகாரக்கட்டு (காரைக்குடி)

சின்ன எழுத்தேதான். நண்பர் அனுப்பிய கோப்புறையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மேலாளரிலிருந்து நிறுவி, பிகின் இருந்த இடத்தில் இனிட் என்று எழுதியதும் எல்லாம் தொகுக்கப்பட்டுவிட்டது. திரை முதலில் வெறும் நீலமாக நின்றது. முகவரியை 0எக்ஸ்3எஃப் ஆக மாற்றியவுடன் எழுத்துகள் தெரிந்தன. நண்பரின் நிரலில் 0எக்ஸ்27 என்று இருந்தது.

கருவியை டின்கள் அடுக்கியிருக்கும் அலமாரியின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். எந்த அளவில் ஒலி எழுப்ப வேண்டும் என்பதுதான் எஞ்சியிருந்தது. மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது ஆச்சி ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு தேன்குழலை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்துப் பார்த்தார். இரண்டாம் நாள், "சத்தம் மட்டுப்பட்டுப் போச்சு, இனி டின்னைத் திறக்காதே" என்றார். அப்போது திரையில் 67 என்று இருந்தது. எனவே 65இல் ஒலிக்கும்படி எழுதியிருக்கிறேன்.

சாலிடர்வாசம் (பள்ளத்தூர்)

டிஎச்டி22 ஈரப்பதத்தில் இரண்டு விழுக்காடு முன்னே பின்னே காட்டுவது இயல்பு, ஆகவே 63 என்று வைத்துக்கொள்ளுங்கள். லூப் பகுதியில் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்த உணரி அதைவிட வேகமாகப் புதிய அளவைத் தராது.

பலகாரக்கட்டு (காரைக்குடி)

63 ஆக்கிவிட்டேன், இடைவெளியும் சேர்த்துவிட்டேன். ஒலியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார் ஆச்சி. மத்தியானம் வளவில் ஒருவரும் கண்ணயர முடியவில்லையாம்.